நோட்டீஸில் வந்த பிள்ளை: கடற்கரை ஊர்களில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு எடுத்த ஆண்டு வசூல்

முன்குறிப்பு

இது 2022 முதல் 2025 வரை ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் நடந்தது. அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய குழந்தைகள் மருத்துவமனைக்காக வருடாவருடம் வசூல் எடுக்கிறோம். அந்த வசூல் ஒரு குடும்பத்தைக் காயப்படுத்தியது. எப்படி என்பதையும், தெரிந்தபின் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வசூல் கமிட்டியில் கணக்கு எழுதுகிறேன்.

ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ இதில் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அந்தக் குழந்தையின் தாயிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வேண்டாம் என்று சொன்ன இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன்.

பின்னணி

மருத்துவமனை கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலை, எடை குறைந்து பிறந்த பிள்ளைகள், சளி முற்றிய நிமோனியா, வயிற்றுப்போக்கு, மழைக்காலத்தில் டெங்கு, இவற்றை இங்கேயே பார்ப்பார்கள். அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர். ராமேஸ்வரம் தீவிலிருந்து கிளம்பினால் 170.

வசூலை 2014ல் தொடங்கினோம். ஜூன் முதல் வாரம் என்று நாள் குறித்தவர் எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் யோசித்துத்தான் குறித்தார். அப்போது கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, 45 நாள். தடை முடிந்து கடலுக்குப் போன படகுகள் நல்ல மீன்பாட்டோடு திரும்பும். தெருவில் காசு புழங்கும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் என்பதால் பிள்ளைகளின் நினைப்பும் எல்லோருக்கும் இருக்கும். சரியான வாரம்தான்.

கொடுப்பவர்கள் பல தரப்பு. படகுக்காரர்கள், கடல் தொழிலாளிகள், ஏலக்காரர்கள், நண்டு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் ஒவ்வொரு தெருவிலும் துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ ஒருவர் இருப்பார், அந்த வீடுகள். சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டி வியாபாரிகள், கமுதி பக்கத்து மிளகாய் விவசாயிகள். ஊர்க் கமிட்டி, ஜமாஅத், தேவாலயப் பங்கு என்று மூன்று வழியாகவும் போவோம். எந்த வாசலிலும் எங்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

2022: அந்த நோட்டீஸ்

கொரோனாவால் 2020லும் 2021லும் வசூல் இல்லை. மருத்துவமனையில் கையிருப்பு கரைந்துவிட்டது. 2022ல் எப்படியாவது பெரிதாக எடுத்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் பதற்றம்.

அந்த மே மாதம் தீவைச் சேர்ந்த ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நிமோனியாவுக்காக வார்டில் இருந்தது. பிறவியிலேயே இதயத்தில் துளை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு பத்துப் பேருக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சின்னத் துளைகள் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. இந்தக் குழந்தைக்கு மூடவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே பால் குடிக்கையில் நெற்றி வியர்க்குமாம், எடை ஏறாதாம், மாதம் தவறாமல் சளி பிடிக்குமாம். அங்கன்வாடிக்கு வந்த பள்ளி சிறார் நலக்குழு டாக்டர்தான் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அந்தப் பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் அதைப் படம் எடுத்தார். தகப்பனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். படம், பெயர், ஊர், ‘இதய அறுவைக்கு மூன்று லட்சம் தேவை’ என்று பெரிய எழுத்து. ‘இக்குழந்தை போன்ற குழந்தைகளுக்காக’ என்று அடியில் சின்ன எழுத்து. ஐயாயிரம் நோட்டீஸ் அச்சடித்து, முக்கியமான பஸ் ஸ்டாப்புகளில் பிளக்ஸும் கட்டினோம்.

அந்த மூன்று லட்சம் யாரோ ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டுவந்து சொன்ன தொகை. அதைச் சரிபார்க்க நாங்கள் யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை. கணக்கு எழுதுபவள் நான், நானும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு ரூ.6,40,000 வந்தது. அதுவரை வந்ததிலேயே அதிகம் அதுதான்.

ஜூன் கடைசியில் மதுரையில் குழந்தைக்கு அறுவை நடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முழுச் செலவும் அடங்கிவிட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை அந்தத் திட்டத்தில் கிடைக்கும். வசூல் பணம் வழக்கம்போல மருத்துவமனையின் பொதுக் கணக்குக்குப் போனது. பிறந்த குழந்தைகளுக்கான வார்மர் ஒன்று வாங்கினார்கள், வார்டுக் கூரையைச் சரி செய்தார்கள். ஒரு ரூபாய்கூடத் தப்பான இடத்துக்குப் போகவில்லை. ரசீது, பில், தணிக்கை எல்லாம் சுத்தமாக இருந்தது. பிள்ளை பிழைத்தது, வசூலும் நன்றாக வந்தது என்று நிம்மதியாக இருந்தோம்.

2023 ஜூன்: வசூல் விழுந்தது

அடுத்த வருடமும் அதே படத்தைப் போட்டோம். போன வருடம் நன்றாக எடுபட்டதுதானே என்பதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. ரூ.2,15,000 தான் வந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஜனங்களுக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது என்றார் ஒருவர். விலைவாசி என்றார் இன்னொருவர். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போவதும் அதற்காக நடக்கும் வேலைநிறுத்தமும் காரணம் என்றார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் தங்கள் தெருவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல அவர்களுக்குக் கூச்சம் என்று பிறகுதான் புரிந்தது.

அந்தத் தாய் வந்தது

ஜூலையில் ஒரு நாள் காலை, குழந்தையின் தாய் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை, திண்ணையில் உட்கார்ந்தார். கையில் எங்கள் நோட்டீஸை நாலாக மடித்து வைத்திருந்தார்.

“அக்கா, எம்புள்ள பொழைச்சு ஒரு வருசம் ஆச்சு. ஓடுறா, ஆடுறா. ஆனா இந்தப் படத்துல இன்னும் படுத்தேதான் கெடக்கா. இதை எடுத்துருங்கக்கா.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு ‘ஓட்டை’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் கை காட்டுவார்கள். அவள் இப்போது அந்த வழியாக வர மாட்டேன் என்று அழுகிறாள், கடற்கரை மீன்வாடி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ‘வளர்ந்தபின் யார் கட்டிக்குவா’ என்று சொந்தக்காரர்களே காதுபடப் பேசுகிறார்கள். டாக்டர் நன்றாகிவிட்டது, எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்க்கலாம் என்று சொன்னது ஒரு வீட்டுக்குத் தெரியும். பிளக்ஸ் சொல்வது ஊருக்கே தெரியும்.

தகப்பனுக்கு வேறு விதமான அடி. அவர் நாட்டுப்படகில் தொழில் செய்பவர். 2022 கடைசியில் கடன் வாங்கி வள்ளத்துக்குப் புது இன்ஜின் வைத்தார். பிள்ளை பேரில் வசூலான காசில் வாங்கியது என்று ஊரில் பேச்சு. ‘உனக்கு எவ்வளவு பிரிச்சுக் குடுத்தாங்க’ என்று கடற்கரையிலேயே நேராகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்று அவர் சொன்னபோது, இன்னொரு கேள்வி பிறந்திருக்கிறது. அறுவைக்கு அரசாங்கம் கொடுத்துவிட்டது, தகப்பனுக்கும் தரவில்லை, அப்படியென்றால் ஆறு லட்சம் எங்கே?

வசூல் விழுந்ததன் காரணம் அதுதான். ஜனங்களுக்குச் சலிப்பு ஒன்றும் வரவில்லை. நாங்கள் சொன்னது ஒன்று, செய்தது வேறொன்று என்பதை அவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். களவு எதுவும் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு பிள்ளையைக் காட்டிக் கேட்டதை அந்தப் பிள்ளைக்குச் செலவழிக்கவில்லை என்பதும் உண்மை. என் பேரேட்டில் முதல் உண்மைக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

கையெழுத்தைப் பற்றி நான் கேட்டேன். “எம்புள்ளைக்கு மருந்து குடுக்குறவுங்க கேக்கும்போது மாட்டேன்னு எப்படிக்கா சொல்றது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. கட்டில் பக்கத்தில் வாங்கிய கையெழுத்தை நான் இனிச் சம்மதம் என்று எழுத மாட்டேன்.

உடனே செய்தது

அன்று மாலையே பிளக்ஸ்களை இறக்கினோம். மிச்சம் இருந்த நோட்டீஸ்களை எண்ணி எரித்தோம். கணினியில் இருந்த படத்தை அழித்தோம். தலைமையாசிரியர் தன் பழைய பழக்கத்தில் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் பேசினார். பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், இதயம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பாடம் எடுங்கள், அவள் பெயரை மட்டும் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆசிரியை அப்படியே செய்தார்.

அப்புறம் ஊர்க் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டோம். கமிட்டியில் சிலர் வேண்டாம் என்றார்கள், மன்னிப்புக் கேட்டால் தப்பு செய்ததாக ஆகிவிடும் என்றார்கள். தப்பு செய்தோம்தானே என்றார் தலைமையாசிரியர். தகப்பன் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை, அறுவை அரசுக் காப்பீட்டில் நடந்தது, வசூல் பணம் இன்னின்ன செலவுக்குப் போனது என்று 2022 கணக்கை வரிவரியாக நான் படித்தேன். தகப்பன் கூட்டத்துக்கு வரவில்லை. அவருடைய அண்ணன் வந்து கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

கணக்கையும் நாளையும் திருப்பிப் பார்த்தது

அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு வேலை செய்தோம்.

ஒன்று, மதுரைக்கு அனுப்பப்பட்ட 17 குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், உண்மையில் எதற்குச் செலவானது என்று கேட்டது. அறுவைக்குப் பணம் கட்டிய வீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் எல்லா வீடும் கடனில் இருந்தது. காப்பீட்டு அட்டைக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ராமநாதபுரத்துக்கு அலைச்சல். குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் சேராமல் இருந்ததால் மூன்று வாரம் போனது ஒரு வீட்டில். தாய் பிள்ளையோடு மதுரையில், தகப்பன் துணைக்கு. அத்தனை நாளும் கடலுக்குப் போகவில்லை. இங்கே மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆச்சி. லாட்ஜ் வாடகை, ஹோட்டல் சாப்பாடு, ஆட்டோ. கம்மல் அடகுக்குப் போகாத வீடு இரண்டு மூன்றுதான்.

அதைவிடக் கஷ்டம் மறுபரிசோதனை. அறுவைக்கு ஒரு தடவை போனால் முடிந்துவிடாது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், வருடம் என்று எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கப் போகவேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. அதுவரை தீவுக்காரர்கள் குறைந்த செலவில் மதுரைக்கு ரயிலில் போனார்கள். அதற்குப் பிறகு மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ வந்து ரயில் ஏறவேண்டும், இல்லையென்றால் முழுத்தூரமும் பஸ். பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான், மதுரை பஸ்ஸில் கிடையாது. பிள்ளைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று பல வீடுகள் போவதை நிறுத்திவிட்டன. பணம் கேட்க வேண்டிய இடம் இதுதான். இதற்கு எந்தத் திட்டத்திலும் கட்டம் இல்லை, எங்கள் நோட்டீஸிலும் இருந்ததில்லை.

இரண்டாவது, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை 2014லிருந்து எடுத்துத் தெருவாரியாகப் பிரித்தேன். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியாத ஒன்று அதில் கிடந்தது. மீனவர் தெருக்களின் வசூல் 2017லிருந்து வருடாவருடம் இறங்கியிருந்தது. வெளிநாட்டுப் பணம் கூடிக்கொண்டே போனதால் மொத்தத்தில் அது தெரியவில்லை.

2017ல் தடைக்காலத்தை 45 நாளிலிருந்து 61 நாளாக்கினார்கள், ஜூன் 14 வரை. நாங்கள் ஜூன் முதல் வாரத்தை மாற்றவே இல்லை. படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது, தடைக்கால நிவாரணம் அரிசி பருப்புக்கே போதாத வாரத்தில், அந்த வாசல்களில் போய் உண்டியலை நீட்டியிருக்கிறோம். அதற்கும் இருபது ரூபாய், பத்து ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். அந்த அடிக்கட்டைகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மருத்துவமனை ஸ்டோரையும் ஒரு நாள் திறந்து பார்த்தோம். 2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது வந்த, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர்கள் ஆறு. ஓடியது இரண்டு. அதற்குள் இருக்கும் ஜியோலைட் துகள்கள் ஈரத்தை இழுத்தால் கெட்டுப்போகும், சும்மா கிடந்தாலும் கெடும். கடற்கரையில் உப்புக்காற்று வேறு. கொடுத்தவர் பெயர்ப் பலகை எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்தது. ஃபில்டருக்கும் சர்வீஸுக்கும் யாரும் பணம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகள்

முகம் வேண்டாம், பெயர் வேண்டாம் என்பதில்தான் அதிக வாக்குவாதம். முகம் இல்லாமல் யார் கொடுப்பார்கள் என்று கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. 2022ல் பணம் வந்ததே முகத்தால்தான். என் வாதம் ஒன்றே ஒன்று: நம் ஊர்கள் சின்னவை. பட்டணத்தில் ஒரு படம் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். இங்கே அந்தப் பிள்ளை நாளைக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்பாள். ஓட்டுக்கு விட்டோம், ஒரு ஓட்டில் முடிவானது.

புது நோட்டீஸில் ஒரு பஸ் டிக்கெட்டின் படம் போட்டோம். ‘ஒரு குழந்தையும் பெற்றோரும் மதுரைக்கு ஒரு தடவை போய்வர ரூ.1,200’ என்று எழுதி, பஸ், ஆட்டோ, சாப்பாடு என்று பிரித்துக் காட்டினோம். அதற்குக் கீழே, ‘அறுவை சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு இருக்கிறது, அட்டை இல்லாதவர்கள் எங்களிடம் வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம்’ என்று அதே அளவு எழுத்தில் போட்டோம். வசூலில் பாதி இந்தப் பயணச் செலவுக்கு, பாதி இருக்கிற மெஷின்களின் பராமரிப்புக்கு. மூன்று வருடத்துக்குப் புது மெஷின் வாங்குவதில்லை.

பயணப் பணத்தைக் கிளம்புவதற்கு முந்தின நாளே கையில் கொடுப்பது என்று முடிவு செய்தோம். போய்வந்து பில் காட்டினால் தருகிறோம் என்றால், முதலில் அடகுக் கடைக்குத்தான் போவார்கள். ஓ.பி. சீட்டில் தேதி இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்பதில்லை.

வசூல் வாரத்தை ஆடி மாதத்துக்கு மாற்றினோம், ஜூலை கடைசி வாரம். தடை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், கடன் கொஞ்சம் அடைந்திருக்கும். ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் பல வீடுகளில் மொய்ச் செலவும் இருக்காது. நல்ல காரியத்தை ஆடியில் தொடங்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதம்தானே, பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அதைப் போலத்தான் என்று அவருடைய மனைவியே சொல்லிவிட்டார்.

ஜமாஅத்தில் ஹஜ்ரத் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். ஜகாத், அதாவது கடமையாகக் கொடுக்கும் தானப் பணத்தை, கூரைக்கும் மெஷினுக்கும் போடக்கூடாது, அதைப் பெறத் தகுதியான ஏழைகளின் கைக்கே போகவேண்டும். விரும்பிக் கொடுக்கும் ஸதகா என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதுவரை நாங்கள் இரண்டையும் ஒரே உண்டியலில் வாங்கியிருந்தோம். 2024லிருந்து ஜகாத்துக்குத் தனி ரசீது, தனிப் பேரேடு. அது முழுவதும் தகுதியுள்ள குடும்பங்களின் பயணச் செலவுக்கே போகிறது.

வெளிநாட்டுப் பணத்தில் தணிக்கையாளர் சொன்னதைக் கேட்டு இரண்டு பேருக்கு மறுப்புச் சொன்னோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் இந்தியக் குடிமக்கள், தங்கள் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் பிரச்சினை இல்லை. மலேசியக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், அவர் இங்கேயே பிறந்தவராக இருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு மத்திய அரசின் பதிவு வேண்டும், அறக்கட்டளையிடம் இல்லை. சொந்தக்காரர் கணக்கு வழியாக அனுப்பட்டுமா என்றார் ஒருவர். வேண்டாம் என்றோம். முன்பு ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்த க்யூஆர் கோடையும் நிறுத்தி, அறக்கட்டளைக் கணக்கின் கோடை மட்டும் அச்சடித்தோம். 80ஜி வரிச்சலுகை கேட்கும் வியாபாரிகளிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்பதை முன்கூட்டியே சொன்னோம்.

2024: நடந்ததும் மறுபடி தவறியதும்

ரூ.3,70,000 வந்தது. 2022ஐ விட மிகக் குறைவு. ஆனால் அடிக்கட்டைகள் இரண்டு மடங்குக்கு மேல். மீனவர் தெருக்களில் 2017க்குப் பிறகு முதல் முறையாக ஏறியிருந்தது. ‘எனக்கு ஒரு டிக்கெட்டு’ என்று சொல்லி 1,200 ரூபாயைக் கொடுத்தார்கள். நண்டு கம்பெனியில் எட்டுப் பெண்கள் ஆளுக்கு 150 போட்டு ஒரு டிக்கெட் எடுத்தார்கள். பெயர்ப் பலகை கேட்ட பெரிய நன்கொடையாளர் ஒருவர் விலகிக்கொண்டார். அந்த இழப்பு பெரியதுதான், இன்னும் ஈடாகவில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும், அது என் தவறு. கணக்கை மீன் ஏலக்கூடச் சுவரில் ஒட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். முதல் மூன்று மாதக் கணக்கை நான்தான் எழுதினேன். வரவில் கொடுத்தவர் பெயர்கள். செலவில், சங்கத்தில் முப்பது வருடம் எழுதிய பழக்கத்தில், பயணப் பணம் வாங்கிய குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் எழுதிவிட்டேன். எந்தப் பிள்ளைக்கு நோய் என்று ஊருக்கே மறுபடி அறிவித்தாயிற்று. அன்று மதியம் ஒரு செவிலியர் போனில் அழைத்துச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கிழித்தேன். அதற்குள் நான்கைந்து மணி நேரம் அது சுவரில் இருந்தது. மறுநாள் அந்த ஒன்பது வீட்டுக்கும் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வீட்டில் அடுத்த தடவை பணம் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது சுவரில் ரசீது எண் மட்டும்தான். யார் என்பது செவிலியரிடமும் என்னிடமும் இருக்கும் ஒரு நோட்டில், பூட்டில். தணிக்கையாளர் பார்க்கலாம், கமிட்டி பார்க்க முடியாது.

2025 வரை

2025 ஆடியில் ரூ.4,25,000. பராமரிப்புப் பணத்தில் கான்சன்ட்ரேட்டர் மேலும் ஒன்று ஓடுகிறது, மற்ற மூன்றும் தேறாது என்று தெரிந்தது. காப்பீட்டு அட்டைக்கு அலைவதில் உதவ, கல்லூரி முடித்த இரண்டு பெண்கள் வாரத்தில் ஒரு நாள் வருகிறார்கள். என் கணிப்பில் மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது அதுதான், அதற்குச் செலவும் இல்லை.

மறுபரிசோதனைக்கு வராமல் விட்ட குழந்தைகள் குறைந்திருக்கிறார்கள். எங்கள் பணத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்து, தீவுக்கு மறுபடி ரயில் வந்ததும் பெரிய காரணம்.

அந்தத் தாய் இப்போது எங்கள் கமிட்டியில் இருக்கிறார். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அவர் வாசிக்க வேண்டும் என்பது விதி. தகப்பன் எங்களோடு பேசுவதில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார். அதற்கு மேல் எதிர்பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால்

வசூலுக்கு முன்பே வீடுகளுக்குப் போவேன். 17 வீட்டுக் கணக்கை 2014லேயே எடுத்திருந்தால், அத்தனை வருடப் பணமும் வேறு இடத்துக்குப் போயிருக்கும். கமிட்டியில் சிகிச்சை முடிந்த குழந்தையின் பெற்றோர் இரண்டு பேராவது முதல் நாளிலிருந்தே இருந்திருப்பார்கள். வருடாவருடம் நாள் குறிக்கும்போது, போன வருடம் எப்போது என்று பார்க்காமல், தடைக்காலம், ரமலான், மிளகாய் அறுவடை எல்லாம் இந்த வருடம் எப்போது என்று பார்ப்போம். இதைச் செய்ய ஒரு காலண்டர் போதும்.

படத்தை எடுக்கவே விட்டிருக்க மாட்டேன். எடுத்துவிட்டால் அது நம் கையில் இல்லை. பிளக்ஸை இறக்கினோம், நோட்டீஸை எரித்தோம், ஆனால் 2022ல் யாரோ அதை வாட்ஸ்அப்பில் போட்டது இன்னும் சுற்றுகிறது. நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை, ஏதோ ஒரு குழுவிலிருந்து எனக்கே வரும். அனுப்பியவருக்கு ஒவ்வொரு முறையும் பதில் எழுதுகிறேன்: இந்தக் குழந்தை நலமாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, பணம் எதுவும் தேவையில்லை, தயவுசெய்து இதை அழித்துவிட்டு, உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லுங்கள். போன வாரமும் ஒன்று வந்தது. எழுதினேன்.